பிரதிவாதி யார்?

அமெரிக்காவில் சில வருஷங்களாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதிகள், பிள்ளையைப் பெற்றவர்கள். பிரதிவாதிகள், டைலனால் மாத்திரையைத் தயாரித்த கம்பெனியும் அதை விற்ற கடைகளும். கர்ப்ப காலத்தில் தாய் அதைச் சாப்பிட்டதனால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்பது பிராது. இப்படி நூற்றுக்கணக்கான வழக்குகளை 2022 முதல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் சேர்த்தார்கள். மாத்திரை நமக்கும் தெரிந்ததுதான். ஜுரம் என்றதும் வீட்டு அலமாரியில் தேடுகிறோமே, அதே பாராசிட்டமால்.

காகிதத்தில் பிரதிவாதி கம்பெனி; வாஸ்தவத்தில் கூண்டில் நிற்பவள் தாய். "அதை விழுங்கியது நீதானே?" என்ற கேள்வி கம்பெனி முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. நடுநிசியில் குழந்தையின் பக்கத்தில் விழித்துக் கிடப்பவளைத்தான் அது குடைகிறது. என் ஆத்திரமெல்லாம் இதுதான்.

இந்தப் பழி அவளுக்குப் புதிதல்ல. ஆட்டிசத்தை 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். பிறகு வெகுகாலம், தாயின் நெஞ்சில் ஈரமில்லாததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று படித்தவர்களே பேசினார்கள். 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று பட்டமும் சூட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ நிபுணர், இது வளர்ப்பின் குற்றமல்ல, உடற்கூறு சம்பந்தப்பட்டது என்று 1964-ல் புத்தகம் எழுதினார். அதற்குப் பின்னும், 1967-ல், சிகாகோவின் புருனோ பெட்டல்ஹைம் பழைய பழியையே புத்தகமாகப் போட்டார். அன்று அன்பு போதவில்லை என்றார்கள். இன்று மாத்திரை அதிகம் என்கிறார்கள்.

"அப்படியானால் கம்பெனிக்காரனை விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. லாபத்துக்கு மருந்து விற்கிறவனைச் சந்தேகிப்பது நல்லதுதான். மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளிடம் இந்த நிலை சற்று அதிகம் என்று சில ஆராய்ச்சிகள் சொன்னதும் உண்மை. ஆனால் மாத்திரையை யாரும் ருசிக்காகத் தின்பதில்லை. ஜுரம் வந்தவள் தின்கிறாள். மண்டையிடி தாங்காதவள் தின்கிறாள். காரணம் மாத்திரையா, ஜுரமா, வம்சவழியா? இதைப் பிரித்துச் சொல்ல வேண்டாமா?

நீதிபதி டெனிஸ் கோட் கேட்டதும் இதைத்தான். சாதகமான முடிவுகளை மட்டும் பொறுக்கிக் கொண்டு வந்தால் செல்லாது என்று, வாதிகளின் நிபுணர்களை 2023 டிசம்பரில் அவர் ஏற்க மறுத்தார். வாதிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2024-ல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளைப் பற்றியது. பொதுவாக ஒப்பிட்டபோது சிறு வித்தியாசம் தெரிந்தது. ஒரே தாய் மாத்திரை சாப்பிட்டுப் பெற்ற பிள்ளையையும், சாப்பிடாமல் பெற்ற பிள்ளையையும் ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

கோர்ட்டில் செல்லாத காசு அரசியலில் செல்லுபடியாயிற்று. 2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப் வெள்ளை மாளிகையில் நின்று, கர்ப்பிணிகள் டைலனாலைத் தொட வேண்டாம், கடும் ஜுரமானாலொழியப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளட்டும் என்ற பாணியில் உபதேசம் செய்தார். அடுத்த மாதமே டெக்சாஸ் மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் புது வழக்குத் தொடர்ந்தார்.

பொறுத்துக்கொள்! பெண்ணைப் பார்த்து இதைச் சொல்லாத காலம் எது? இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஆகாது என்று டாக்டர்களே விலக்கிவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்று. இதையும் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு எதைக் கொடுப்பதாக உத்தேசம்? டாக்டரைக் கேட்டு, வேண்டிய அளவு சாப்பிடு என்று சொல்லுங்கள். நானும் சேர்ந்து சொல்லுகிறேன். பயமுறுத்தாதீர்கள்.

இன்னொரு ஜீவனையும் மறந்துவிட்டோம். பிராதுப் பத்திரத்தில் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர்? 'நஷ்டம்'! நாளை அவன் எழுத்துக் கூட்டி அதைப் படித்தால்?

பெற்றவர்களை நான் நோகமாட்டேன். பேச்சுப் பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஏற்ற பள்ளிக்கூடம் வேண்டும். தாங்கள் கண்மூடிய பிறகு பிள்ளைக்கு ஒரு நிழல் வேண்டும். இதெல்லாம் கேட்காமலே கிடைத்திருந்தால் எத்தனை பேர் கோர்ட்டுப் படியேறியிருப்பார்கள்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத சமூகத்தின் பெயர் மட்டும் அந்தப் பிராதில் எங்குமே இல்லை.