தந்தையைக் கொண்டாடுவது எப்படி?

ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையைத் தந்தையர் தினமென்று கொண்டாடும் வழக்கம் நம் நகரங்களிலும் பரவிவிட்டது. வாழ்த்துச் சீட்டுகளும் கைக்கடிகாரங்களும் சட்டைகளும் அதற்கென்றே கடைகளில் அடுக்கப்படுகின்றன. அந்நிய நாட்டு வழக்கம் நமக்கு எதற்கு என்று முகஞ் சுளிப்போர் நம் நண்பர்களில் பலர். அந்நிய நாட்டில் பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்லெண்ணத்தைத் தள்ள வேண்டுமென்பது நம் கட்சியன்று. ஆயினும், அதன் வரலாறு தெரியாமல், கடைக்காரர் காட்டும் வழியிலேயே நம் குழந்தைகள் அதைக் கொண்டாடுவது நமக்குச் சம்மதமில்லை.

இத்தினத்துக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகரில் வாழ்ந்த ஸொனோரா ஸ்மார்ட் டாட் என்பவர் அவர். அவருடைய தாயார் பிரசவத்தில் இறந்துபோக, தகப்பனார் வில்லியம் ஸ்மார்ட் குழந்தைகளைத் தாமே வளர்த்து ஆளாக்கினார். 1909-ம் வருஷத்தில் மாதா கோவிலில் தாய்மாரின் பெருமையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுக் கொண்டிருந்த அம்மகளுக்கு, தாயும் தந்தையுமாக நின்றவரின் நினைவு வந்தது. அவருடைய பிறந்த நாளான ஜூன் 5-ந் தேதியையே விழா நாளாக்க வேண்டுமென்று கேட்டார். பிரசங்கம் தயாரிக்க அவகாசம் போதாதென்று பாதிரிமார் சொன்னதால் 1910-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி முதல் விழா நடந்தது. தந்தை உயிரோடிருப்போர் சிவப்பு ரோஜாவும், தந்தையை இழந்தோர் வெள்ளை ரோஜாவும் அணிந்தனர். ஆடவர் உடை விற்கும் வியாபாரிகள் இதில் லாபத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தது பிந்திய கதை. 1972-ம் வருஷத்தில் அது அமெரிக்கச் சட்டத்திலும் ஏறிற்று.

அந்த இரண்டு ரோஜாக்களைப் பற்றி நாம் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். நம் நாட்டில் வெள்ளை ரோஜாவுக்குக் குறைவில்லை. ஆடி அமாவாசையன்று இராமேசுவரத்திலும் காவிரிக் கரையிலும் கூடும் ஜனங்களைப் பார்த்தால் உலகத்திலேயே பிதுர் பக்தி மிகுந்தவர் நாமே என்று தோன்றும். அதே தேசத்தில், பெற்றோரையும் முதியோரையும் பராமரிக்கும்படி மக்களைக் கட்டாயப்படுத்த 2007-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. காக்க வேண்டியவர் முதியவரை அநாதையாக விட்டுவிட்டால் 3 மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று அச்சட்டம் தண்டனையையும் வகுத்தது. எள்ளும் தண்ணீரும் இறைக்க மந்திரம் தெரிந்த மகனுக்கு, இருக்கும்போது தந்தையுடன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. இந்தக் குறை முதுமையில் திடீரென்று முளைப்பதன்று. பத்து வயதிலேயே தொடங்குகிறது. தந்தையிடம் ஏதேனும் கேட்க வேண்டுமானால் தாயைத் தூது விடும் வீடுகள் நம்மிடையே எத்தனை! மரியாதை என்ற பெயரில் மௌனத்தை வளர்த்து வந்திருக்கிறோம்.

தந்தைமாரும் சாமானியப்பட்டவர்களல்லர். தாம் செய்ததைச் சொல்லாமல் மறைப்பதில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம். பண்டித ஜவாஹர்லால் நேரு தம் சுயசரிதையில் எழுதியுள்ள ஒரு சிறு செய்தி இதற்குப் போதும். 1919-ம் வருஷத்தில் ரௌலட் சட்டத்தை எதிர்க்கக் காந்தியடிகள் சத்தியாக்கிரக சபையை ஆரம்பித்தபோது அதில் சேரத் துடித்தார் ஜவாஹர்லால். மகன் சிறை புகுவதை எண்ணிப் பார்க்கவும் மோதிலாலுக்கு மனமில்லை. வீட்டில் வாதம் நடந்தது. ஆனால் சிறையில் மகன் தரையில் படுக்க நேருமே, அது எப்படியிருக்கும் என்று அறிவதற்காக, செல்வத்தில் வாழ்ந்த அந்த அலகாபாத் வக்கீல் தாமும் தரையில் படுத்துப் பார்த்தார்! மகனுக்கு இது பின்னால்தான் தெரிய வந்தது. அந்த ஜவாஹர்லாலே 1930-ம் வருஷம் அக்டோபரில் நைனிச் சிறையில் இருந்துகொண்டு மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு என்ன அனுப்புவதென்று யோசித்தார். சிறையில் கடை ஏது? கடிதம் எழுதினார். 1933-ம் வருஷம் வரை தொடர்ந்த அக்கடிதங்கள் உலக சரித்திரமாகவே விரிந்தன. கையில் காசில்லாத தந்தை பெண்ணுக்குப் பரிசு தர முடியுமானால், கையில் காசில்லாத குழந்தை தந்தைக்குப் பரிசு தர முடியாதா?

முடியுமென்று காட்டியவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1940-ம் வருஷம் முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதி வந்தபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அதில் தந்தை வேங்கடசுப்பையர் உயிரோடு நடமாடுகிறார். தமது ஜீவனம் சங்கீதமாயிருந்தும், மகனுக்குத் தமிழில் உள்ள ஆசையைக் கண்டு, அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தை மாற்றிக்கொண்டு ஆசிரியர்களைத் தேடி, கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏழைத் தகப்பனார் அவர். தந்தைக்குச் சங்கீதம் கற்பித்த கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும் ஐயரவர்கள் தனி நூலாக எழுதினார். தந்தையின் குருவையும் மறவாமல் போற்றியதை எந்தப் பரிசுக்கு ஒப்பிடுவது? சிறு வயதில் காது கொடுத்துக் கேட்டிராவிட்டால் அவ்வளவு காலத்துக்குப் பின் எழுத என்ன இருந்திருக்கும்?

ஆகவே, இந்தத் தினத்தில் குழந்தைகள் செய்யத்தக்கது இதுதான்: நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துக்கொண்டு தந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பிறந்த வீடு எது, முதல் கூலி எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார், அவரை அடித்த வாத்தியார் யார், படிப்பு எந்த வகுப்பில், எதனால் நின்றது என்று கேட்க வேண்டும். சொன்னபடியே, அவருடைய வார்த்தைகளிலேயே, தமிழில் எழுத வேண்டும். நெசவாளியின் குழந்தை தறிக்குப் பக்கத்தில் நின்று பாவு, ஊடை, நாடா, அச்சு என்று ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதட்டும். எந்தப் பாட புத்தகத்திலும் அது கிடைக்காது. குடியானவர் வீட்டுப் பிள்ளை, தன் பாட்டன் காலத்தில் எந்த நெல் விளைந்தது, அது ஏன் போயிற்று என்று கேட்கட்டும். தந்தைக்கு எழுத்து வாசனை இல்லையென்றால் எழுதியதை அவருக்கே உரக்க வாசித்துக் காட்டலாம். ஆண்பிள்ளைதான் இதைச் செய்ய வேண்டுமென்பதுமில்லை. கொள்ளி போடும் உரிமையைப் பற்றித் தகராறு செய்வோர் செய்து கொள்ளட்டும். நோட்டுப் புத்தகத்துக்குச் சாஸ்திரத் தடை ஒன்றும் இல்லை.

தேசத் தொண்டர்களாகிய நம் நேயர்கள் இதைக் குழந்தை விளையாட்டென்று தள்ளிவிடக் கூடாது. 1972-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திரத்தின் வெள்ளி விழாவன்று, மத்திய சர்க்கார் தியாகிகளுக்கு உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கினர். பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்தை நிரூபிக்க வேண்டுமென்பது விதி. சிறை அதிகாரிகளின் அத்தாட்சி வேண்டும். தஸ்தாவேஜுகள் கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவரின் அத்தாட்சி வேண்டும். எந்தச் சிறை, எந்த மாதம், பக்கத்துக் கொட்டடியில் இருந்தவர் யார் என்று தந்தையைக் கேட்டு எழுதி வைத்த பிள்ளையிருந்த வீட்டில் விண்ணப்பம் போடுவது எளிது. கேட்காத வீட்டில், கணவனை இழந்த தாய் எதைக் காட்டுவாள்? உபகாரச் சம்பளம் போகட்டும். அந்த மனிதர் தேசத்துக்காகச் சிறை சென்றார் என்ற செய்தியே அவரோடு எரிந்துவிடும். அந்தத் தலைமுறை அநேகமாய் மறைந்துவிட்டது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் சிறை சென்றவர்கள் இன்று முதியவர்களாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரக் குழந்தைகளாவது கேட்கட்டும்.

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் எல்லாக் குழந்தைகளையும் ஒரே மாதிரி வாழ்த்துச் சீட்டு எழுதச் சொல்லும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. தந்தையை இழந்த குழந்தை அங்கே உட்கார்ந்திருக்கும். கூலியைக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கொடுத்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சி ஒடுங்கிய குழந்தையும் உட்கார்ந்திருக்கும். பொய்ப் புகழ்ச்சி எழுதும்படி அதை வற்புறுத்துவது பாவம். தன்னை வளர்ப்பவர் தாயோ, பாட்டனோ, மாமனோ, அவரைப் பற்றி எழுதட்டும். தாயுமாகி நின்ற ஒரு தந்தையின் நினைவில் பிறந்த தினத்தில், தந்தையுமாகி நின்ற தாய்க்கு இடமில்லாமற் போகுமா?

இனி, நம் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் கமிட்டிக் கூட்டம், பொதுக்கூட்டம், ஊர்வலம் என்று வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இராதவர்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பும்போது தூங்கும் முகத்தையும், விடியற்காலையில் கிளம்பும்போது அதே தூங்கும் முகத்தையுமே பார்க்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் வேளைக்கு எந்தக் கூட்டத்தையும் ஒப்புக் கொள்ளாதீர்கள். குழந்தை நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்து நின்றால், 'போய்ப் பாடத்தைப் படி' என்று விரட்டாதீர்கள். பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் பத்திரிகையானாலும் சரியே.