கொளுத்தும் வைக்கோலில் குடியிருக்கலாம்

ஐப்பசி பிறந்தால் தில்லிவாசிகளுக்கு இருமலும் பிறந்துவிடுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த கையோடு கொளுத்தும் வைக்கோலின் புகையும் அதற்கு ஒரு காரணம். வைக்கோற்போரைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது மனம் பொறுக்காத காட்சி. ஆனால் விவசாயியை மட்டும் ஏசிப் பயனில்லை. கோதுமை விதைக்க அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரமே.

அதே வைக்கோலில் வீடு கட்டலாம் என்றால் சிரிப்பு வரும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மரம் அரிதான மணற்குன்றுப் பகுதியில் குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புல்லையும் வைக்கோலையும் இயந்திரத்தில் அழுத்திக் கட்டி, செங்கல்போல் அடுக்கி வீடு கட்டிக்கொண்டனர். ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் அவ்வாறு எழுந்த தேவாலயம் இன்றும் நிற்கிறது. இறுகிய கட்டுக்குள் காற்றுப் புகாது. மேலே பூச்சும் இருந்தால் தீ எளிதில் பற்றாது. ஈரம்தான் எதிரி. அஸ்திவாரத்தை உயர்த்தி, தாழ்வாரத்தை நீட்டிவிட வேண்டும்.

தில்லிச் சந்துகளுக்கு இது ஆகாது. சுவரே ஒன்றரை அடி கனம்! கிராமங்களுக்கு ஆகும். அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் நூறு வீடுகளையாவது கட்டிப் பார்க்கட்டும். 'கச்சா வீடு' என்று வங்கிகள் கடன் மறுக்காதிருக்க, முதலில் தர விதிகளை வகுக்க வேண்டும். அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகளில் 2015இலேயே இதற்கு இடம் கிடைத்துவிட்டது.