சோதிக்கப் பழகுவோம்

ஈராண்டுகளுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு மணி 11ஐத் தாண்டியிருந்தது. பீடோங் வட்டாரத்தில் 38 பெற்றோரின் கைத்தொலைபேசிகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. "உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை" என்றது அச்செய்தி. உண்மையில் அன்று வகுப்பே இல்லை. செய்தியை அனுப்பியவன் நான்.

நான் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர், எஸ்.பி.எம். எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இரவு வகுப்பு நடத்துகிறார்கள். வருகையைப் பதிவதற்கு ஓர் இணையச் செயலி செய்து தரும்படி என்னைக் கேட்டார்கள். மாலை மணி 7.45க்குள் ஒரு மாணவன் வரவில்லையென்றால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். செய்து கொடுத்தேன், நன்றாகவே ஓடியது. பின்னர், விடுப்புச் சொன்ன மாணவர்களுக்குச் செய்தி போகக்கூடாது என்று ஒரு மாற்றம் கேட்டார்கள். அம்மாற்றத்தைச் செய்துவிட்டு, சரிதானா என்று பார்க்க விடுதி அறையில் நிரலை ஒருமுறை ஓட்டினேன். அவ்வளவுதான்.

பல வீடுகளில் பிள்ளை பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் மகன் அன்று சுங்கைப் பட்டாணியில் பகுதிநேர வேலைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போக வேண்டிய அந்தத் தாய், பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, விளக்கில்லாத செம்மண் சாலையில் மகனைத் தேடிப் போனார். சறுக்கி விழுந்து முழங்காலில் காயம். மகன் நள்ளிரவுக்குள் பத்திரமாக வீடு திரும்பிவிட்டான்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் திட்டவில்லை. "தம்பி, நீ படிக்கிற பிள்ள, செஞ்சு பாக்கணும்தான். ஆனா செஞ்சு பாக்குறதுக்கு என் நம்பர போடாதப்பா" என்றார். நான்கு பருவங்களில் எந்த விரிவுரையும் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது.

தவறு எங்கே நேர்ந்தது? என் கவனக்குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும். நிரல் கட்டப்பட்ட விதமே தவறு. வருகையைச் சரிபார்க்கும் பகுதி, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே உருவாக்கி வைத்திருந்தது. நேரம் தெரிய வேண்டுமா? கணினியின் கடிகாரத்தைத் தானே கேட்டது. பெயர்ப் பட்டியல் வேண்டுமா? உண்மையான தரவுத்தளத்தைத் தானே திறந்தது. ஆகவே, அதைச் சோதிக்க வேண்டுமென்றால் உண்மையான பெற்றோரிடம், உண்மையான நேரத்தில், உண்மையான செலவில்தான் சோதிக்க முடியும். 7.45 என்ற எல்லையைச் சோதிக்க 7.45 மணி வரை காத்திருந்த நாட்களும் உண்டு!

இதற்கு மாற்று வழி எளியது. ஒரு பகுதிக்குத் தேவையானவற்றை அது தானே உருவாக்கிக்கொள்ளக்கூடாது. வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும். இதைத்தான் கணினித் துறையில் 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்கிறார்கள். இப்பெயரை 2004-ஆம் ஆண்டு மார்ட்டின் ஃபௌலர் எழுதிய ஒரு கட்டுரை பரவலாக்கியது. அதே ஆண்டு முதல் பதிப்பாக வெளிவந்த ஜாவா மொழியின் 'ஸ்பிரிங்' இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டது. இன்று 'அங்குலர்', 'லாராவெல்', 'ஏ.எஸ்.பி. டாட் நெட் கோர்' என நம் மாணவர்கள் கையாளும் பல கட்டமைப்புகளில் இவ்வசதி உள்ளேயே இருக்கிறது. வசதி இருந்தும் அது எதற்கு என்று தெரியாமல் பயன்படுத்துவோரே நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கூலிமில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அக்காவுக்கு இதை விளக்கியபோதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சீருடை வேலை தந்த இடம் அது. "ஏன்டா, நாங்க ஒரு சில்லச் சோதிக்க அதைக் காருக்குள்ள வச்சா ஓட்டிப் பாக்குறோம்?" என்றார் அக்கா. உண்மைதான். சில்லைச் சோதனைப் பொறியில் பொருத்துகிறார்கள். மின்சாரத்தையும் சைகைகளையும் பொறியே கொடுக்கிறது; வரும் விடையையும் பொறியே அளக்கிறது. சில்லுக்குத் தான் காரில் இருக்கிறோமா பொறியில் இருக்கிறோமா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதற்கு வேண்டியவை வெளியிலிருந்து வருவதால்தான் இது முடிகிறது.

என் செயலியையும் அவ்வாறே மாற்றி எழுதினேன். வருகைப் பகுதி உருவாகும்போதே செய்தி அனுப்புபவர், கடிகாரம், பெயர்ப் பட்டியல் ஆகிய மூன்றும் அதனிடம் கொடுக்கப்படுகின்றன. வகுப்பு நடக்கும்போது உண்மையானவை. சோதனையின்போது போலியானவை. போலி அனுப்புபவர் எதையும் அனுப்பமாட்டார். யாருக்கு என்ன அனுப்பச் சொன்னோம் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்வார். போலிக் கடிகாரம் எப்போதும் 7.46 காட்டும். போலிப் பட்டியலில் மூன்றே மாணவர்கள்: வந்தவன் ஒருவன், வராதவன் ஒருவன், விடுப்புச் சொன்னவன் ஒருவன். சோதனை முடிவில் குறிப்பில் ஒரே ஒரு செய்தி இருக்க வேண்டும். அது வராதவனின் பெற்றோருக்கானதாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வினாடிகூட ஆவதில்லை. இணையமும் தேவையில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போனால் இணைய அலை கிடைக்காமல் வாசலுக்கும் சாலைக்கும் நடக்கும் என் போன்றோருக்கு இது சிறிய வரம் அன்று.

இதற்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. "நாலைந்து கோப்புகள் உள்ள இடுபணிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?" என்பர். ஓரளவு நியாயமான கேள்விதான். சிறிய செயலிக்குப் பெரிய கட்டமைப்பு தேவையில்லை. மூன்று பொருள்களைக் கையால் எடுத்துக் கொடுத்தாலே போதும். எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து வைத்தால் படிப்பவருக்குத் தலை சுற்றும். வெளியுலகைத் தொடும் இடங்களை மட்டும் பிரித்தால் போதும் என்பதே என் கருத்து. பணம், செய்தி, நேரம், தரவு ஆகியவையே அவ்விடங்கள்.

போலிகள் பொய்யும் சொல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. என் போலி அனுப்புபவர் எந்த எண்ணைக் கொடுத்தாலும் தலையாட்டினார். உண்மையான சேவையோ 60 என்ற நாட்டுக் குறியீட்டோடு எண் தொடங்க வேண்டும் என்றது. சோதனைகள் அனைத்தும் வெற்றி. ஆனால் ஒரு செய்திகூடப் போகவில்லை! ஆகவே, உண்மையான சேவையோடும் ஒரு சோதனை வேண்டும். அதற்கு இப்போது ஒரே ஓர் எண்தான்: என் சொந்த எண்.

இக்கட்டுரையின் நோக்கம் என் கதையைச் சொல்வது மட்டுமன்று. இடுபணிகளுக்குப் புள்ளி வழங்கும்போது திரையின் அழகைப் பார்க்கிறார்கள். சோதனை எழுதியிருக்கிறோமா என்று கேட்பவர் குறைவு. கேட்காததை நாமும் செய்வதில்லை. ஆனால் நம்மில் பலர் எழுதும் முதல் செயலி எங்கே போகிறது? கோயிலுக்கு, தமிழ்ப்பள்ளிக்கு, இரவு வகுப்புக்கு, மாமாவின் கடைக்கு. அங்கே தவறினால் பாதிக்கப்படுவோர் நம் மக்கள். புகார் செய்யவும் தெரியாமல், "பரவாயில்லப்பா" என்று விட்டுவிடுகிறவர்கள் அவர்கள். சோதிக்காமல் கொடுப்பது அவர்களையே சோதனைப் பொருளாக்குவதாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், இங்கே ஆங்கிலத்திலும் படித்து வந்தவன் நான். ஆங்கிலத்தில் மனனம் செய்திருந்த இக்கருத்து, அக்காவிடம் தமிழில் சொன்னபோதுதான் என் வசமானது. இதைத் தமிழில் 'சார்பு' என்ற சொல்லைக் கொண்டு பெயர்த்தால், கணிதத்தில் வரும் சார்போடு குழம்பும். 'தேவை வழங்கல்' என்றால் தோட்டத்துப் பாட்டிக்கும் புரியும். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில். கணினியைத் தமிழில் பேசுவது நமக்குப் புதிதன்று.

நம் கழகம் கவிதைக்கும் பட்டிமன்றத்திற்கும் பொங்கல் விழாவிற்கும் நாள் ஒதுக்குகிறது. ஆண்டில் ஒரு சனிக்கிழமையை நிரல் சோதனைப் பட்டறைக்கு, தமிழிலேயே, ஒதுக்கக்கூடாதா? என் பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்துக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன். இருட்டில் மகனைத் தேடிப் போன அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் அது. சோதிக்கப் பழகுவோம், பிறகு கொடுப்போம்.