‘எந்த ட்ரேனு மறந்துட்டியா?’: திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். புது டிரெய்னி, ரிஜெக்ட் பீஸ் போட வேண்டிய ட்ரேயைப் பார்த்துவிட்டு மெஷின் பக்கம் திரும்புகிறார். நாலு செகண்ட்தான். மறுபடி திரும்பினால் கை தயங்குகிறது. இடதா, வலதா? பின்னாலிருந்து சூப்பர்வைசர் குரல்: “இப்பத்தானப்பா காட்டினேன், புத்தி எங்க இருக்கு?”

நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, சார். அங்கே இருக்கும் முன்மூளைப் புறணிதான், கண்ணிலிருந்து மறைந்த பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சில விநாடிகள் பிடித்து வைக்கிறது. ஃபுனஹாஷி, புரூஸ், கோல்ட்மேன்-ராகிச் மூவரும் 1989-ல் வெளியிட்ட குரங்கு ஆய்வு பிரபலமானது. திரை ஓரத்தில் ஒரு புள்ளி மின்னி மறையும்; சில விநாடி கழித்து, அது இருந்த இடத்துக்குக் குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் சில நரம்பணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி அணுக்கள்!

இந்தத் துடிப்புக்கு டோபமைன் தேவை. ரீல்ஸில் ‘டீடாக்ஸ்’ பண்ணச் சொல்கிறார்களே, அதே டோபமைன்தான். 1979-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், இந்தப் பகுதியில் டோபமைனைக் குறைத்ததும், அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தது போலக் குரங்குகள் தடுமாறின.

அப்போ நிறைய சுரந்தால் நல்லதா? இல்லை. 2007-ல் சுஷீல் விஜயராகவன் குழுவினர் காட்டியது இது: ‘டி1’ என்ற டோபமைன் ஏற்பியை மிதமாகத் தூண்டினால், வேண்டாத திசைகளுக்கான துடிப்பு அடங்கி, நினைவுக்கான சமிக்ஞை கூர்மையாகிறது. அளவு கூடினால் வேண்டிய துடிப்பும் சேர்ந்து அடங்கிவிடுகிறது.

அளவைக் கூட்டுவது எது? மன அழுத்தம். எனக்கு முக்கியமாகப் படுவது 1998-ல் ஆர்ன்ஸ்டனும் கோல்ட்மேன்-ராகிச்சும் வெளியிட்ட ஆய்வு. உரத்த இரைச்சலுக்கு நடுவே குரங்குகளின் இட நினைவு சறுக்கியது. டோபமைன் ஏற்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது அந்தச் சறுக்கல் தடுக்கப்பட்டது.

நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு இருக்கிறது. அது காதைக் காப்பாற்றப் போட்ட கணக்கு. மூளைக்கு யார் கணக்குப் போட்டார்கள்?

குரங்கு ஆய்வை அப்படியே ஆபரேட்டர் தலையில் ஒட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவேரிப்பட்டணத்திலிருந்தும் பர்கூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து, நைட் ஷிஃப்டில் அரைத்தூக்கத்தோடு நிற்கும் பிள்ளைக்கு, பிரஸ் சத்தத்தோடு வசவும் சேர்ந்தால் என்ன ஆகும்? ட்ரே மாறினால் ஒரு பீஸ் போகும். கை வைக்கும் இடம் மாறினால் விரல் போகும்.

அதனால் என் கோரிக்கை ரொம்ப சின்னது. ட்ரேக்குப் பளிச்சென்று கலர் அடிங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் பெயர் ஒட்டுங்க. டிரெய்னிக்கு முதல் வாரம் சத்தம் குறைந்த மெஷினைக் கொடுங்க. அவர் மறந்துபோய்க் கேட்டால், இன்னொரு தடவை காட்டுங்க.