அம்மா வெல்லுற விளையாட்டு

ஸ்க்ரபிள் எனக்குப் பிடிக்காது. சொன்னால் பிரெஞ்சு நண்பர்கள் கோபிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். ஒருவர் ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் யோசிப்பார், மற்றவர்கள் ஃபோனை நோண்டுவார்கள். (பிரெஞ்சுப் பதிப்பில் ‘கா’, ‘இக்ரெக்’ இரண்டுக்கும் தலா 10 புள்ளி. ஆட்பெயரை வைக்க விட்டால் எங்கட சனம்தான் உலக சாம்பியன்.)

பனானாகிராம்ஸ் வேறு மாதிரி. ஒரு அமெரிக்கக் குடும்பம் உருவாக்கி 2006இல் வெளிவந்தது. வாழைப்பழ வடிவப் பைக்குள் 144 எழுத்துக் கட்டைகள். நாலு பேர் என்றால் ஆளுக்கு 21. முறை வைத்து ஆடுவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் குறுக்கெழுத்தைக் கட்டவேண்டும். கையில் இருப்பதை முடித்தவர் “பீல்!” என்று கத்தினால் எல்லாரும் இன்னொன்று எடுக்கவேண்டும். பிடிக்காத எழுத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், பதிலுக்கு மூன்று எடுக்கவேண்டும். கட்டியதை எப்பவும் குலைக்கலாம். புள்ளி இல்லை, பலகை இல்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு பின்னேரம் இதுதான் சத்தம். அம்மா மட்டும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. பரிஸில் 30 வருடம் இருந்தும் பிரெஞ்சு எழுத்து அவவுக்குச் சரியாக வராது. “நீங்கள் விளையாடுங்கோ பிள்ளையள், எனக்கு எழுத்து ஓடாது.” நிறையப் படித்த மனுசி சொல்லுற கதையா இது?

லாச்சப்பலில் பொங்கல் பானை வாங்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம். தமிழ் எழுத்துக் கட்டை நான் தேடின கடைகளில் இல்லை. மட்டை வெட்டி நானே செய்தேன்.

முதல் கணக்கு உடனே பிழைத்தது. தமிழில் 247 எழுத்து, கட்டை 144. எழுத்துக்கு ஒன்றுகூட வராது. சரி, கணினி செய்வதுபோல ‘க’வையும் கால், கொம்புகளையும் தனித்தனியாக வெட்டினேன். ‘கொ’ வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஒரு குறி எழுத்துக்கு முன்னால், இன்னொன்று பின்னால். குறுக்கே சொல் போகாது. கடைசியில் இலக்கணத்திடம் போனேன். 12 உயிர், 18 மெய். ‘க்’ பக்கத்தில் ‘ஆ’ வைத்தால் அது ‘கா’. ஆய்தத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வைத்தேன்.

“எழுத்தை வெட்டிப்போட்டியோ?” என்று ஒரு மாமா கேட்டார். உயிரும் மெய்யும் சேர்ந்ததுதான் உயிர்மெய் என்று சின்ன வகுப்பில் சொல்லித்தந்ததைத்தான் செய்திருக்கிறேன், மாமா.

முதல் ஆட்டத்தில் நாங்கள் பூ, தீ, கை, வா என்று அடுக்கினோம். நன்னூல் இப்படியான ஓரெழுத்துச் சொற்கள் 42 என்கிறது. அவசரக்காரனுக்கு அது புதையல். அம்மா சத்தமில்லாமல் வாழைப்பழம் வைத்தா. பத்துக் கட்டை! நான் வெட்டினதே மூன்று ‘ழ்’, அதில் இரண்டு அவவிடம். பிறகு “உரி!” என்றா. ‘பீல்’ என்றால் உரி தானே. அன்றைக்கு மூன்று ஆட்டமும் அவதான் வென்றா.

வேகம் கூச்சத்தைக் கொல்லும் என்பது என் எண்ணம். ண-வா ன-வா என்று நீங்கள் தடுமாறும்போது உங்களை ஒருவரும் பார்ப்பதில்லை, அவரவர் பாடு அவரவர்க்கு. பிழையாக வைத்தால் குலைத்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். தமிழ் வகுப்பில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட என் ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் இந்த வசதி கிடைக்கவில்லை.

ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. அம்மா ‘எண்டு’ என்று வைத்தா. தங்கச்சி, ‘என்று’ தான் சரி, அது செல்லாது என்றாள். வீட்டில் நாள் முழுக்கச் சொல்லுற சொல் கட்டையில் செல்லாதா? நான் செல்லும் என்றேன். தங்கச்சி இன்னும் கோபம். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. ‘அ’ காணாது, அடுத்த ஞாயிறுக்குள் இன்னும் பத்து வெட்டச் சொல்லியிருக்கிறா.