குறட்டை ஒரு காமெடி சீன் அல்ல

தமிழ் சினிமாவில் குறட்டைக்கு நிரந்தர இடம் உண்டு. தொப்பை வைத்த ஒருவர் குறட்டை விட்டால் போதும், தியேட்டர் சிரிக்கும். வீட்டிலும் அதே கதைதான். "படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை! கொடுத்து வச்ச மனுஷன்" என்று பொறாமைப்படுவார்கள். குறட்டை விடுகிறவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது அசைக்க முடியாத நம்பிக்கை.

சுத்தப் பொய்!

எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. ஆனால் பலத்த குறட்டை, நடுவில் சட்டென்று ஒரு நிசப்தம், பிறகு திணறிக்கொண்டு மறுபடி மூச்சு... இப்படித் தூங்குகிறவர் தூங்கவே இல்லை. இரவு முழுக்க அவர் கழுத்தை யாரோ நெரித்து நெரித்து விடுவதற்குச் சமம் அது. இதற்குப் பெயர் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது. குறைந்தது 10 வினாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மூச்சு முழுசாக நிற்காமல் பாதி அடைபடுவதையும் சேர்த்து மணிக்கு 30 தடவை வந்தால் நோய் தீவிரம். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு அது 210 தடவை!

இதில் இதயத்துக்கு என்ன வேலை? வேலையே அதற்குத்தான். தொண்டை அடைத்திருந்தாலும் நெஞ்சு காற்றை இழுப்பதை நிறுத்தாது. ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சுவது போலத்தான். நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் கடுமையாக இறங்கும், இதயத்தின் சுவர்கள் வெளிப்பக்கமாக இழுபடும். அந்த இழுப்பை எதிர்த்து இடது கீழறை ரத்தத்தைத் தள்ள வேண்டும். மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள் ஒவ்வொரு தடவையும் விரிகின்றன. இதற்கிடையில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை அபாய மணி அடிக்கிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு திரும்பும் நேரத்தில் பி.பி. எகிறுகிறது. இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய ரத்த அழுத்தம் பலருக்கு இறங்குவதே இல்லை.

வருடக்கணக்கில் இது நடந்தால் பகலிலும் பி.பி. ஏறியே இருக்கும். இதயச் சுவர் தடிக்கும். மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும், அதிலிருந்து பக்கவாதம் வரலாம். 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இதயக் கோளாறால் திடீரென இறந்த 112 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தது நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில். அது இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். "தூக்கத்திலேயே போயிட்டார், நல்ல சாவு" என்று சொல்கிறோமே, அவற்றில் எத்தனை இந்தக் கணக்கில் வருமோ!

சினிமாக்காரர்களை விடுங்கள். மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? ரத்த அழுத்தத்துக்கான அமெரிக்க வழிகாட்டி 2003-லேயே ஸ்லீப் ஆப்னியாவை பி.பி.க்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு போன்ற நோய் உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்று 2021-ல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. ஆனாலும் கிளினிக்கில் நடப்பது என்ன? ஒரு மாத்திரை கேட்கவில்லையா, இரண்டு. இரண்டும் கேட்கவில்லையா, மூன்று. உப்பைப் பற்றி, நடையைப் பற்றி, டென்ஷனைப் பற்றியெல்லாம் விசாரணை உண்டு. தூக்கத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், கண்கண்ட சாட்சி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மூச்சு நிற்பது நோயாளிக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியும். பயந்து உலுக்கி எழுப்பியவர் அவர்தான், சத்தம் தாங்காமல் ஹாலில் பாய் விரித்தவரும் அவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். பெண் குறட்டை விட்டால் அதை வெளியே சொல்லவே வெட்கம். மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுகிறது.

"குண்டாக இருக்கிறவர்களுக்குத்தானே வரும்?" என்பார்கள். எடை பெரிய காரணம்தான், ஆனால் தாடை சிறியதாக இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். "அந்த மெஷினை மாட்டினால் மட்டும் மாரடைப்பு நின்றுவிடுமா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பேப் கருவி, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைக்கவில்லை என்றுதான் 2016-ல் வெளியான சேவ் ஆய்வு சொன்னது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் கருவியை மாட்டியது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். பாதி ராத்திரி மாட்டிய கருவியை வைத்து முழு ராத்திரிக்குத் தீர்ப்பு எழுத முடியுமா? அதே கருவி பகல் தூக்கத்தைக் குறைக்கிறது, பி.பி.யைக் கொஞ்சமாவது இறக்குகிறது. எடையைக் குறைத்தாலும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தாலும், இரவில் மதுவை நிறுத்தினாலும் பலருக்குப் பலன் உண்டு.

இதற்கெல்லாம் முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள முதலில் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. நான்காவது மாத்திரை எழுதும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இவருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஃபீஸ் கூடக் கிடையாது!