கைத்தொழிலும் கைகோத்தலும்

மாதர் பகுதி



பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் கைத்திறன் இல்லாத வீடு அரிது. ஒரு வீட்டில் ஒயர்க் கூடை பின்னுகிறார்கள். மற்றொரு வீட்டில் சுடுமண்ணால் நகை செய்கிறார்கள். இன்னொரு வீட்டில் நவராத்திரி நெருங்கும்போது கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். முன்னெல்லாம் இத்திறன் வீட்டுக் கூடத்தோடு நின்றது. மிஞ்சினால் அண்டை வீட்டாருக்குப் பரிசாகச் சென்றது. இன்றோ கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். மாதுங்காவில் பின்னிய கூடை கோயம்புத்தூருக்கும், கரோல் பாக்கில் செய்த தோடு கனடாவுக்கும் விலையாகிப் போகின்றன.

இது மகிழத்தக்க மாறுதலே. ஆயினும், இணையத்தில் கடை திறப்பது எளிது. திறந்த கடையை நிலைநிறுத்துவது அரிது. ஆர்வத்தோடு தொடங்கிய சகோதரியர் பலர், ஓர் ஆண்டு செல்வதற்குள் ஓசையின்றிக் கடையை மூடிவிடுகின்றனர். அவர்களுடைய கைத்திறனில் குறை இல்லை. பொருளை விரும்புவோர் இல்லாமலும் இல்லை. அவர்களுக்கு இல்லாதது பக்கத்துக் கடை.

தெருவில் கடை வைத்தவரை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் சில்லறை மாற்றித் தருவார். உணவுக்குச் சென்றால் கடையைப் பார்த்துக்கொள்வார். ஏமாற்றுக்காரன் வந்தால் கண்ணசைத்து எச்சரிப்பார். இணையத்தில் கடை வைத்தவளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. குழந்தைகள் உறங்கிய பின் நள்ளிரவில் பொட்டலம் கட்டுபவள், குறை கூறி வந்த செய்தியைத் தானே படித்துத் தானே கலங்குகிறாள். தாயும் தமக்கையும் தொலைவில் இருக்க, வேற்று மொழி ஊரில் வாழ்பவளுக்கு இத்தனிமை இரு மடங்காகிறது.

இத்தனிமை மனத்தை மட்டும் வருத்துவதன்று, பொருளையும் அழிக்கும். மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுவேன்.

முதலாவது, விலை. ஒரு கூடைக்கு 500 ரூபாய் என்று விலை வைத்ததாகக் கொள்வோம். ஒயருக்கு 220, பெட்டிக்கும் அனுப்புவதற்கும் 110, சந்தைக் கட்டணம் 40 என்றால் மிஞ்சுவது 130 ரூபாய். பின்னுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்றெனில், மணிக்குப் பதினொரு ரூபாயும் கிடைக்கவில்லை. தன் உழைப்புக்கு விலை போட நம் பெண்களுக்குக் கூச்சம் மிகுதி. அதே கூடையைப் பின்னும் மற்றொருத்தி, "அக்கா, உங்கள் கூலியை எங்கே எழுதினீர்கள்?" என்று ஒரு முறை கேட்டால் போதும், கண் திறந்துவிடும். கணவரும் பிள்ளைகளும் இக்கேள்வியைக் கேட்க அறியார். அத்தொழிலைச் செய்பவளே அறிவாள்.

இரண்டாவது, வஞ்சகம். வாங்குபவன் போல் ஒருவன் பேசுவான். விலை பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வான். படையில் பணிபுரிவதாகக் கூறி நம்பிக்கை ஊட்டுவான். பின்பு, "பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கட்டப் படத்தைக் கைப்பேசியில் காட்டி உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். போட்ட அளவில் நம் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. ஏமாந்தவள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அவள் மௌனமே அடுத்தவளுக்கு வலையாகிறது. பத்துப் பேர் கூடிய குழுவில் இச்செய்தியை ஒருத்தி சொல்லிவிட்டால் ஒன்பது பேர் தப்புவர். பணம் இழந்தவருக்கு 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம் என்பதையும் குழுவில் உள்ள ஒருத்தி எடுத்துச் சொல்வாள்.

மூன்றாவது, சட்டம். இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்பவர், விற்பனை எத்துணைச் சிறிதாயினும், ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும் என்பது முன்பிருந்த பொது விதி. 2023 அக்டோபர் 1 முதல், விலக்கு வரம்புக்கு உட்பட்டுத் தம் மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வணிகருக்கு, சில நிபந்தனைகளின்பேரில் இக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. இதனை அறியாமல், கணக்கருக்குக் கட்டணம் கொடுக்க அஞ்சியே இணையச் சந்தையை விட்டு ஒதுங்கி நிற்போர் இருக்கலாம். ஒருத்தி விசாரித்து அறிந்தது பத்துப் பேருக்கு உதவுமன்றோ?

"ஒரே பொருளை விற்பவர்கள் எப்படி நண்பர்களாக முடியும்? போட்டியாளர்கள் அல்லரோ?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் சந்தையின் இயல்பு வேறு. பூக்கடை ஒன்று தனித்திருக்கும் தெருவை விடப் பூக்கடைகள் நிறைந்த தெருவையே மக்கள் நாடிச் செல்கின்றனர். கையால் செய்யும் பொருளோ, இருவர் செய்தாலும் ஒன்று போல் இராது. மேலும், ஒருத்தி மாதத்தில் இருபது கூடைக்கு மேல் பின்ன இயலாது. இருபத்தொன்றாவது கூடை கேட்டு வருபவரைத் தோழியிடம் அனுப்புவதில் என்ன நட்டம்? கைத்தொழிலாளிக்கு உண்மையான போட்டி, பொறியில் ஆயிரக்கணக்காக வார்த்தெடுத்த பொருளைக் 'கைவேலை' என்று பெயர் சூட்டி விற்பவரிடமிருந்தே வருகிறது. அதனை எதிர்த்துத் தனியொருத்தி என்ன செய்ய இயலும்?

இவ்வகையில் பிற நாட்டார் கண்ட வழி ஒன்று நம் கருத்துக்கு உரியது. அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், 2005-ஆம் ஆண்டில் 'எட்சி' என்னும் இணையச் சந்தை தோன்றியது. கைவேலைப் பொருள்களுக்கென்றே எழுந்த சந்தை அது. அங்கே கடை வைத்தவர்கள் விரைவிலேயே குழுக்களாகக் கூடினர். ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் ஒரு குழு. கண்ணாடி மணி கோப்பவர்கள் ஒரு குழு. கம்பளி பின்னுபவர்கள் மற்றொரு குழு. குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. கப்பலை நடத்துபவரைப் போல் அவரைக் 'கேப்டன்' என்றே அழைத்தனர். அவருக்குச் சம்பளம் இல்லை. புதிதாய் வந்தவருக்குப் படம் எடுக்கும் முறையும், பொருளை விவரித்து எழுதும் முறையும் கற்பித்தல், அனுப்பும் செலவைக் கணக்கிடக் காட்டுதல், மனம் தளர்ந்தவரைத் தேற்றுதல் ஆகியவை அவர் பணி. பிரிட்டனில் இத்தகைய ஊர்க் குழுக்கள் கிறிஸ்துமஸ் பருவத்தை ஒட்டித் தத்தம் ஊர்களில் கண்காட்சிச் சந்தைகளையும் நடத்தின. திரையில் மட்டும் கண்டவர்கள் ஒரே மேசையின் இருபுறமும் நின்று பேசினர்.

இக்கூட்டுறவின் வலிமையும் எல்லையும் 2022-இல் வெளிப்பட்டன. எட்சி நிறுவனம் விற்பனைமேல் பெறும் கட்டணம் 2018-இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்ந்திருந்தது; 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 விழுக்காடாக மேலும் உயர்ந்தது. அன்று தொடங்கி ஒரு வார காலம் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தம் கடைகளை மூடி வைத்தனர். பல்லாயிரவர் முறையீட்டில் ஒப்பமிட்டனர். கட்டணம் குறைந்ததா எனில், குறையவில்லை. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கடைகள் உள்ள சந்தையில் அவர்கள் ஒரு சிறு பகுதியினரே. எனினும் அம்முயற்சி வீணாகவில்லை. அதுவரை தனித்தனியே முணுமுணுத்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். அதன் விளைவாகச் சிறு விற்பனையாளருக்கென ஒரு சங்கமும் தோன்றியது. சந்தை பிறருடைய வீடு. அதன் வாடகையை நாம் தீர்மானிக்க இயலாது. ஆனால் அவ்வீட்டில் குடியிருப்போர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் நம் கையில் உள்ளது.

கடல் கடந்து செல்லாமலே நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பம்பாய் கிர்காம் பகுதியில் 1959 மார்ச் 15-ஆம் நாள், ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, தாங்கள் வாழ்ந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இட்டனர். அன்று உருவானவை நான்கு பொட்டலங்கள். அதுவே பின்னர் 'லிஜ்ஜத்' என்னும் பெரும் நிறுவனமாகி, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாழ்வளித்தது. அங்கு உறுப்பினர் அனைவரும் 'சகோதரி' என்றே அழைக்கப்படுகின்றனர். கிளையை நடத்தும் 'சஞ்சாலிகா'வும் உறுப்பினருள் ஒருத்தியே. அப்பளம் இடுபவளின் கைவலியை அறிந்தவளே அவர்களுக்குத் தலைவியாகிறாள். இந்நிறுவனத்தைத் தொடங்கியவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆதலின், குழு நிலைப்பதும் நிலைகுலைவதும் பெரும்பாலும் தலைவியைப் பொறுத்தவை. தன் பொருளையே முன்னிறுத்துபவள் தலைவியாகாள். இன்று இணைந்தவளின் பெயரை நினைவில் வைத்து, மூன்று வாரம் பேசாதிருப்பவளுக்குத் தானே ஒரு சொல் எழுதுபவளே தலைவி. குறை கூறுவதாயின் தனியே கூறுவாள். பாராட்டுவதாயின் அனைவர் முன்னும் பாராட்டுவாள். ஒருத்தியின் வடிவமைப்பை மற்றொருத்தி களவாடினால் இருவரையும் அழைத்து நேர்மையாகத் தீர்த்து வைப்பாள். ஆனால் அவளும் வீடும் குழந்தையும் உடையவளே என்பதை உறுப்பினர் மறத்தல் ஆகாது. எல்லாச் சுமையையும் அவள் தலையில் ஏற்றினால், ஒரு நாள் அவளும் ஓசையின்றி விலகிவிடுவாள். ஆறு திங்களுக்கு ஒருவராகப் பொறுப்பை மாற்றிக்கொள்வது நன்று.

போலிக் குழுக்களும் உண்டு, எச்சரிக்கை வேண்டும். "என் கடையை நீ புகழ், உன் கடையை நான் புகழ்கிறேன்" என்று மாறி மாறிப் பொய்ப் பாராட்டு எழுதச் சொல்லும் குழு வாங்குபவரை ஏமாற்றுவதாகும். "முன்பணம் கட்டிச் சேருங்கள், பத்துப் பேரைச் சேர்த்தால் பங்கு தருகிறோம்" என்பது கைத்தொழிலன்று, வலை. கற்றுத் தருவதைவிடக் காசு பறிப்பதில் கருத்துடைய தலைமையைக் கண்டால் அக்கணமே விலகுங்கள்.

நமக்கு ஓர் அரிய வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. நம் சங்கமே அது. தமிழ்ப் பள்ளிக்கும் பொங்கல் விழாவுக்கும் கூடுகின்ற நாம், திங்களுக்கு ஒரு மாலை கைத்தொழில் செய்வோரின் கூட்டத்துக்கென ஒதுக்கலாம். மொத்தமாக ஒயரும் அட்டைப் பெட்டியும் வாங்கினால் விலை குறையும். உள்ளூர் மொழியில் விளம்பரம் எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவலாம். ஊருக்குச் செல்லும் குடும்பம் திரும்பி வருகையில் பிறருக்கும் சேர்த்துப் பொருள் வாங்கி வரலாம். நவராத்திரிக்கு முன் ஒரு நாள் சந்தை நடத்தினால், இணையத்தில் பெயரை மட்டும் அறிந்தவர்கள் முகத்தையும் அறிவர். கைத்தொழில் செய்யும் ஆடவரையும் அழைப்போம். அவர்களும் நம்மைப் போல் தனித்திருப்பவர்களே.

தொடக்கத்தில் ஐந்து பேர் வந்தாலும் போதும். ஊர் கூடித் தேர் இழுக்கும் மரபில் வந்தவர்கள் நாம். வந்த இடத்திலும் வடத்தைப் பிடிக்க நமக்குத் தெரியும். இத்திங்கள் முடிவதற்குள், உங்கள் தெருவில் கைவேலை செய்து விற்கும் ஒருவர் வீட்டுக்குச் சென்று, "விற்பனை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் தரும் விடையில் குழு தொடங்கிவிடும். அவ்வாறு தொடங்கியோர் தம் அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதி அனுப்பினால், பிற ஊர்களில் வாழும் நம் சகோதரியருக்கும் அது வழிகாட்டும்.